மூடி வைத்த நேரம்

லேப்டாப்பை மூடி வைப்பது வேறு, அணைப்பது வேறு. என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மூடினால் அது தூங்கும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். நாம் தூங்கி எழுந்தால் முதலில் மணி என்ன என்று கேட்கிறோமே, அதுபோல அதுவும் எழுந்தவுடன் யாரிடமாவது மணி கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், மூடிய நேரமே இன்னும் நடப்பதாக நினைத்துக்கொள்ளும். சவரிமுத்து சார் விஷயத்தில் நடந்தது இவ்வளவுதான் ஐயா.

என் பெயர் லியோ பிரபு. ஊரும் தகப்பன் பெயரும் மேலே எழுதியிருக்கிறேன். பெரம்பலூரில் டிப்ளமோ படித்தேன். அரியலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொள்வதாக உங்கள் காவலர் சொன்னார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். அடுத்தவர் எழுதினால் எனக்காகப் பாவப்பட்டு இரண்டு வார்த்தை சேர்த்துவிடுவார்கள்.

சார் எங்கள் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் என்றால் அவருக்கு உயிர். கோயிலில் மூவேளை செபத்துக்கு உபதேசியார் மணி அடிக்கும்போது சார் தெருவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் உபதேசியார் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார். சாமியாருக்கு மேலே சவரிமுத்து, சவரிமுத்துக்கு மேலே அவர் கடியாரம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவர் காதுக்கும் அது எட்டியிருக்கும். பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

பள்ளியில் காலை மணி அடித்து முடித்ததும் கேட்டை அவர் கையாலேயே இழுத்துச் சாத்துவார். வெளியே நிற்பது யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்க மாட்டார். என் தம்பி பிரேம் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள் அவன் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. உருட்டிக்கொண்டே வந்தான். அவன் வந்து சேர்ந்தபோது சார் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார். சாத்தி முடித்திருக்கவில்லை. இதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். நான் உள்ளே செப வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், பஞ்சர் சார்" என்றான் பிரேம்.

"கடியாரம் சொன்னா சொன்னதுதான். வூட்டுக்குப் போயி அப்பாவக் கூட்டிட்டு வா" என்றார் சார்.

அவன் சைக்கிளைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிற ரோடு அது. கேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவனை ஒரு லாரி அடித்தது. பள்ளிக்கூடமே ஓடியது. நான் ஓடவில்லை. வரிசை கலைந்தால் சார் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அந்த வயதில் அவ்வளவு பயம் எனக்கு.

அடக்கத்துக்கு சார் வந்தார். சொன்ன நேரத்துக்கு வந்தார். எங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் ஊரே புகழ்ந்தது. கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பள்ளி தொடங்குகிற நேரத்திலும் விடுகிற நேரத்திலும் கல் லாரி எதுவும் ஊருக்குள் ஓடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார். மாலையில் பள்ளி விடும்போது அவரே ரோட்டோரம் வந்து நின்று பிள்ளைகளைக் கடத்திவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அதை விடவில்லை. சொட்டுச் சொட்டாய் என் அம்மா அழுத கண்ணீர் வீட்டுக்குள்ளேயே காய்ந்துபோயிற்று. பெயர் அவருக்கு வந்தது.

நான் கடை வைத்தபோது பள்ளிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். என் முதல் வேலை அது. நன்றி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. வெறுக்கிறவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு கசப்பு என்று பட்டவனுக்குத்தான் தெரியும்.

பிறகு சர்க்கரை நோய் அவர் கண்ணைப் பறித்தது. மனைவி முன்னமே போய்விட்டார். மகள் ஏஞ்சல் மேரிக்குக் கோயம்புத்தூரில் வேலை. மரிய புஷ்பம் அக்கா காலையில் வந்து சமைத்து, மதியம் சாப்பாடு போட்டுவிட்டுப் போய்விடுவார். ஏஞ்சல் தன் பழைய லேப்டாப்பை அனுப்பி, "அண்ணே, அப்பாவுக்குப் பேசுற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே" என்றாள். நான் அதில் லினக்ஸ் போட்டேன். திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக் காட்டும், மணிக்கு ஒருமுறை நேரம் சொல்லும். சாருக்குக் குழந்தைக்குப் பொம்மை கிடைத்த மாதிரி சந்தோஷம்.

அந்த லேப்டாப்பில் ஒரு கோளாறு இருந்தது. மூடித் திறந்தால் கடிகாரம் பின்தங்கும். சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. தூக்கம் கலைந்ததும் இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள் என்று நாலு வரி எழுதி உள்ளே வைத்தேன். வெகுநாள் ஒழுங்காக ஓடியது. அப்போது என் மனதில் எதுவும் இல்லை. இருந்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போன வருடம் பள்ளி ஆண்டுவிழாவில் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ஒரு மாணவனுக்கு நேர்ந்த விபத்து சாரின் மனதை உலுக்கியது, அதனால் இன்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புகிறார்கள்" என்று பேசினார்கள். ஒரு மாணவன். பிரேம் என்ற பெயரை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை. சார் எழுந்து நின்றார், மைக்கைப் பிடித்தார், நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சார் வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். வரியின் தலையில் # என்று ஒரு குறி போட்டால், கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். நெடுக்கில் இரண்டு கோடு, குறுக்கில் இரண்டு கோடு, ஆட்டுப்பட்டி வேலி மாதிரி இருக்குமே, அதுதான். நாலு வரிக்கும் வேலி கட்டினேன். எதையும் அழிக்கவில்லை. வரிகள் அங்கேயேதான் இருந்தன. இரவில் அவர் லேப்டாப்பை மூடுவதில்லை; அதனால் நள்ளிரவில் ஒருமுறை மட்டும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்படி விட்டேன். காலையில் எல்லாம் சரியாக இருக்க வேண்டுமல்லவா?

சாருக்கு ஒரு பழக்கம். மதியம் சாப்பிட்டதும் தொந்தரவு வேண்டாமென்று லேப்டாப்பை மூடிவிட்டுப் படுப்பார். எழுந்து திறப்பார். அதாவது ஒவ்வொரு நாளும் அவர் எவ்வளவு நேரம் தூங்குகிறாரோ, அவ்வளவு நேரம் அவருக்குத் தெரியாமலே காணாமல் போகும். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவரே மூடிய மூடியில் அது போயிற்று.

முதலில் நடந்ததை நான்கூட எதிர்பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து திறக்கிறார், லேப்டாப் படுத்தபோது சொன்ன நேரத்தையே சொல்கிறது. "லியோ, இப்பல்லாம் தூக்கமே புடிக்க மாட்டேங்குதுப்பா. படுத்தோன முழிப்பு வந்துடுது" என்றார். டாக்டரிடம் போகலாமே சார் என்றேன். டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரியலூரிலிருந்து நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். அதன் பிறகு இன்னும் ஆழமாகத் தூங்கினார். இன்னும் அதிகமாகப் பின்தங்கினார்.

ஊருக்கு அவர் வேடிக்கையானார். பள்ளி விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போவது கேட்டால், "இப்ப இருக்குற ஹெட்மாஸ்டர் மத்தியானமே பள்ளிக்கூடத்த வுட்டுடுறாரு" என்று கோபப்பட்டார். மாலை மணி அடித்தால் உபதேசியாருக்கு ஆள் அனுப்பித் திட்டினார். இரவு ஏஞ்சல் போன் செய்தால், "என்னம்மா, சாயங்காலமே கூப்புடுற, ஆபீஸ் லீவா?" என்றார். வெயில் சீக்கிரம் தணிந்துவிடுகிறது, உலகமே கெட்டுப்போயிற்று என்றார். உலகம் முழுக்கத் தப்பு என்று நம்பினார், கடிகாரம் தப்பு என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் இரண்டே நாளில் பிடித்திருப்பார்கள். அவர் சவரிமுத்து.

மகள் முன்பு வாங்கிக் கொடுத்த பேசும் கைக்கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. பேசவில்லை என்று ரிப்பேருக்கு என்னிடம் கொடுத்திருந்தார். அது என் கடை மேசை டிராயரில் இருக்கிறது. பேட்டரி மாற்றினால் போதும்.

ஒருநாள் சாயங்காலம் சார் வீட்டுக்கு வந்துபோன மரிய புஷ்பம் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. "தம்பி, சாரு கம்ப்யூட்டர் ஒரு நேரம் சொல்லுது, என் போனு ஒரு நேரம் காட்டுது. என்னன்னு பாருங்க தம்பி" என்றார். காலையில் வந்து அவர் எதிரிலேயே திறந்து காட்டினேன். காலையில் சரியாகத்தானே இருக்கும். அக்கா தன் போனைத்தான் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். ஏஞ்சல் அழுதாள். "அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சாண்ணே?" என்றாள். வயசாச்சுல்லம்மா என்றேன். வயது ஆகியிருந்ததும் உண்மைதான்.

சாரே ஒருநாள் மாலை என்னிடம் கேட்டார். "லியோ, உண்மையச் சொல்லு. மணி சரியாத்தான் இருக்கா?" திரையில் தெரிந்ததை வாசித்தேன். "இதுல மூணே முக்கால் காட்டுது சார்" என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

மாலையில் ரோட்டுக்கு வருவதையும் அவர் விடவில்லை. ஆனால் அவர் வரும்போது பிள்ளைகள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்து கைகால் கழுவிக்கொண்டிருப்பார்கள். கேட் சாத்தியிருக்கும். வெள்ளைக் கம்பை ஊன்றிக்கொண்டு, பிள்ளைகளின் சத்தத்துக்காகக் காதைச் சாய்த்தபடி அவர் நிற்பார். எதிரே சிந்தாமணி அக்கா டீக்கடையில் உட்கார்ந்து நான் பார்ப்பேன். வியாபாரத்தை விட்டுவிட்டு அரியலூரிலிருந்து அதற்காகவே பஸ் ஏறி வருவேன். சாத்திய கேட்டுக்கு வெளியே அவர் நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தித்தித்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

தடை நேரம் முடிந்தால் அதுவரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்த லாரிகள் வரிசையாகக் கிளம்பும். அந்தச் சத்தம் சாரை உலுக்கிவிட்டது. தடை நேரத்திலேயே லாரி ஓட்டுகிறார்கள் என்று நினைத்தார். "எல்லாரும் சேந்து ஆர்டர மதிக்காம ஓட்டுறானுங்க லியோ. ஒரு புகார் அடிச்சுக் குடு" என்றார். அடித்துக் கொடுத்தேன். கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து தடை நேரத்தில் நின்று பார்த்தார். ஒரு லாரிகூட இல்லை. "பெரியவரே, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் பொய் சொல்றனாம்டா. இனிமே நானே ரோட்டுல எறங்கி நிறுத்துறேன். எந்தக் கொம்பன் ஏத்துறான்னு பாக்குறேன்" என்றார். இந்த வார்த்தை என் காதில் விழுந்தது ஐயா. விழவில்லை என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிறு நான் போனபோது சார் லேப்டாப்பை என்னிடம் நீட்டினார். என்னை உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு கேட்டு முழுசா சாத்தல லியோ. ஒரு ஆள் நொழையுற எடம் இருந்துச்சு. கடியாரம் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பு. ஆண்டுவிழாவுல உன் தம்பி பேரச் சொல்லத்தான் எந்திரிச்சேன். நாக்கு எழும்பல. பிள்ளைங்கள ரோட்டக் கடத்தி வுட்டுட்டு, தெனம் அவன் வுழுந்த எடத்துல நின்னு அவனுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போறேன். உங்க அம்மாகிட்ட இத எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. நீ என்ன மன்னிக்கணும்னு கேக்கல. கேக்க எனக்கு வாயில்ல."

இத்தனை வருடம் நான் எதைக் கேட்க வேண்டும் என்று தவித்தேனோ, அது இதுதான். லேப்டாப் என் மடியில் திறந்திருந்தது. நாலு குறி. நாலு தட்டு தட்டினால் போயிருக்கும். என் விரல் அழிக்கிற பொத்தான் மேலேயே இருந்தது. சாரின் குருட்டுக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ஆனால் அவர் தாமதமாக வந்துவிட்டார் ஐயா. தாமதமாக வந்தவனுக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் கேட்டைத் திறக்கக் கூடாது. இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. "சரி சார்" என்றேன். லேப்டாப்பை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அது நடந்தது. வெளிச்சம் நன்றாக மங்கிவிட்டது. சார் வந்தார். காதைச் சாய்த்து நின்றார். முதல் லாரியின் சத்தம் கேட்டதும் கம்பை உயர்த்திக்கொண்டு நடு ரோட்டுக்கு நடந்தார். தடுமாறவில்லை, வகுப்புக்குள் நுழைகிற நடை அது. நிறுத்துடா, இது என்ன நேரம் தெரியுமா என்று அவர் கத்தியது டீக்கடைவரை கேட்டது. ஓடிப் பிடிக்க நேரம் இல்லை. நான் எழுந்து "சார்" என்று உரக்கக் கூப்பிட்டேன். லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பிரேம் விழுந்த இடத்துக்கு ரொம்பப் பக்கம்.

அந்த டிரைவர் செட்டிகுளத்துப் பக்கத்து ஆள் என்றார்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் சரியான நேரத்தில்தான் வந்தார்.

அடக்கத்துக்கு வந்த ஏஞ்சல் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்கங்கண்ணே. அப்பா உங்களப் பத்திப் பேசாத நாளே கெடயாது" என்றாள். கடைக்குக் கொண்டுவந்து நாலு குறியையும் எடுத்துவிட்டேன். இப்போது எத்தனை முறை மூடித் திறந்தாலும் நேரம் சரியாக இருக்கிறது. உங்கள் ஆட்கள் யார் பார்த்தாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. நானாகச் சொன்னால்தான் உண்டு.

ஏன் சொல்கிறேன் என்றுதானே கேட்டீர்கள். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுத வேண்டாம். போன வாரம் அந்த ரோட்டோரத்தில் சார் பெயரில் ஒரு கல் நட்டார்கள். பிள்ளைகளுக்காக வாழ்ந்தவர், கடைசியில் புத்தி தடுமாறி விபத்தில் போய்விட்டார் என்று எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். என் அம்மாவும் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வந்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவர் புத்தி தடுமாறவில்லை. அது விபத்தும் இல்லை. நான் கொடுத்த தண்டனை. கொடுத்தவன் யார் என்று ஒருவருக்கும் தெரியாவிட்டால் அது எப்படித் தண்டனையாகும்? என் தம்பிக்குத்தான் பெயர் இல்லாமல் போயிற்று. இதற்காவது பெயர் இருக்கட்டும்.

மற்றபடி, அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசைப்பட்டேன். இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். சிந்தாமணி அக்காவையும் நீங்கள் விசாரிப்பீர்கள், அதனால் ஒரு திருத்தம். டீக்கடையிலிருந்து அந்த இடம் கூப்பிடு தூரம்தான். என் குரல் சாருக்கு நன்றாகத் தெரியும். லாரி வளைவில் திரும்பி வருவதற்குள் டீயைக் குடித்து முடித்து, கிளாசை அக்கா கையில் கொடுத்து, மீதிச் சில்லறையும் வாங்கிக்கொண்டேன். மேலே "உரக்கக் கூப்பிட்டேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதை அடிக்க வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும். தலையில் ஒரு # மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.